ஆறு விரல் கயிறு

எத்திராஜை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, அவன் என்னைப் பார்த்துக்கொண்டே போனான். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, அம்மா. துடுப்புப் படகில் உட்காருகிறவன் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். கரையைப் பார்த்துக்கொண்டேதான் கரையை விட்டுப் போவான். நீங்களும் படகு இழுத்தவர், உங்களுக்குத் தெரியும். ஆனால் எனக்கு அன்று அது புதிதாக இருந்தது. பதினோரு வருஷம் ஒரே படகில் இருந்தோம். அவன் இழுக்கும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேர் படகில் அவன் இடம் என் முதுகுக்குப் பின்னால். அவன் என் முதுகைப் பார்ப்பான். நான் தாண்டி வந்த தண்ணீரைப் பார்ப்பேன்.

காலை ஆறரை மணி இருக்கும். மழை விட்டு நாலு நாள். ஆறு கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. நான் படகுத்துறைப் பலகையில் நின்றேன். அவன் ஒற்றை ஆள் படகில் இருந்தான், பதினாலாம் எண். ஒற்றைப் படகில் இரண்டு கையிலும் துடுப்பு. ஒரு கையை எடுத்தால் படகு சாயும். அதனால் கை காட்ட முடியாது. தாடையை மட்டும் தூக்கிக் காட்டினான். நான் பேனாவைத் தூக்கிக் காட்டினேன். பாலத்தின் கீழே போகும்வரை அவன் முகம் தெரிந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு இழுக்கிறவன் அவன். அதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

காபி ஆறுகிறது, குடியுங்கள். சர்க்கரை போதுமா பாருங்கள். சுலோச்சனா போன பிறகு நானேதான் போடுகிறேன். அளவு இன்னும் பிடிபடவில்லை.

நீங்கள் வந்தது என் பட்டங்களைப் பற்றி எழுதிக்கொள்ள. அது எனக்குத் தெரியும். சங்கத்தின் மலரில் ஒரு பக்கம், பெயர்சூட்டு விழாவுக்கு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் என்று செயலாளர் போனில் சொன்னார். நீங்கள்தான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்த ஷூவைப் பார்த்துவிட்டீர்கள். மற்றவர்கள் பழைய ஷூ என்று நினைத்துத் தாண்டிப் போவார்கள். அடியில் தகடும் திருகு ஓட்டையும் இருக்கிற ஷூ எதற்கு என்று படகுக்காரர்களுக்குத்தான் தெரியும். கேட்டதால் சொல்கிறேன். மலரில் போட வேண்டாம்.

பட்டங்களை முதலில் முடித்துவிடுவோம். எழுதிக்கொள்ளுங்கள். முனிரத்தினம். தேசியப் போட்டிகளில் இரண்டு பேர் படகுப் பிரிவில் ஏழு தங்கம். ஏழும் எத்திராஜோடு. பிறகு சங்கத்தில் இணைச் செயலாளர் நாலு வருஷம், செயலாளர் பதினேழு வருஷம். படிப்பு பத்தாம் வகுப்பு, தேறவில்லை. அதை விட்டுவிடலாம். துறைமுக ஆபீசில் விளையாட்டு வீரன் என்று வேலை கொடுத்தார்கள். அங்கே கோப்புகளைப் படித்துப் படித்துத்தான் எழுதக் கற்றேன். ஒரு கடிதத்தை எங்கே தொடங்கி எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எத்திராஜுக்கும் அதே ஆபீசில்தான் வேலை. அவன் கோப்பைத் தொடமாட்டான். நாலு மணிக்கு மணி அடித்தால் ஆற்றுக்கு ஓடிவிடுவான். கடைசியில் ஓய்வு வாங்கிக்கொண்டு படகுக் கொட்டகையிலேயே பயிற்சியாளராக இருந்துவிட்டான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன் தங்கை சுலோச்சனாவைத்தான் நான் கட்டினேன்.

இரண்டு பேர் படகில் பின்னால் இருக்கிறவன்தான் சொல்வான். 'நீட்டு' என்பான், 'பத்து' என்பான், 'இப்போ' என்பான். முன்னால் இருக்கிறவன் கேட்டுக்கொண்டு இழுக்க வேண்டும். பதினோரு வருஷம் அவன் சொன்னான், நான் இழுத்தேன். சங்கத்துக்கு வந்த பிறகு நான் சொன்னேன், அவன் செய்தான். அதில் அவனுக்கு மனக்குறை ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. என்னை மற்றவர்கள் முன்னால் சார் என்றே கூப்பிடுவான். நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவனாகத்தான்.

கணுக்கால் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் கயிறு புரியாது.

ஐந்தாவது பட்டம் ஜெயித்த அன்று படகைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஏறி வந்தோம். அவன் ஒரு முனை, நான் ஒரு முனை. எதிரே சிறப்பு விருந்தினர் வந்தார். பெரிய அதிகாரி. நேராக என்னிடம் வந்து கையை நீட்டினார். நீட்டிய கையை நிற்க வைக்க முடியுமா? நான் ஒரு கையை எடுத்தேன். ஒரு நொடிதான். படகு புரண்டு எத்திராஜ் பக்கம் இறங்கியது. அவன் படகைக் காப்பாற்றப் பார்த்தான், காலைப் பார்க்கவில்லை. வலது கணுக்கால். ஆறு வாரம் மாவுக்கட்டு. படகுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் புகைப்படம் உள்ளே இருக்கிறது, மலருக்கு வேண்டுமானால் தருகிறேன். நானும் அந்த அதிகாரியும் கை குலுக்குகிற படம். அவன் அதில் இல்லை. ஓரத்தில் படகின் முனை தெரியும்.

கட்டுப் பிரித்த பிறகு கணுக்கால் முழுதாக மடங்கவில்லை. முன்னால் குனிந்து துடுப்பைப் போடும்போது குதிகால் மேலே எழும்ப வேண்டும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் எழும்பினால் போதும். அவனுக்கு நிறைய எழும்ப வேண்டும். அதனால் படகில் பொருத்தியிருக்கும் ஷூவின் குதிகால் கயிற்றை அவன் நீளமாகக் கட்டிக்கொண்டான். அந்தக் கயிறு இல்லாவிட்டால் கடைசி இரண்டு பட்டம் எங்களுக்குக் கிடையாது. அதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

கயிறு எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் மனைவிக்குச் சொன்ன மாதிரி சொல்கிறேன். ஷூ படகோடு சேர்ந்தது, முன்பக்கம் திருகி வைத்திருக்கும், குதிப்பக்கத்தைப் படகோடு ஒரு கயிறுதான் பிடித்திருக்கும். நாம் கால்களை அதில் நுழைத்துக் கட்டிக்கொள்கிறோம். படகு கவிழ்ந்தால் கால் ஷூவிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வர வேண்டும். காலை இழுக்கும்போது ஷூவின் குதியைக் கயிறு பிடித்து நிறுத்தும், கால் மட்டும் வந்துவிடும். கயிறு நீளமாக இருந்தால் ஷூவும் காலோடு சேர்ந்து எழும்பும். கால் வராது. மனுஷன் தலைகீழாகத் தண்ணீரில் இருப்பான்.

வெளிநாட்டில் எங்கோ அப்படி ஒருவர் போய்விட்டார். டெல்லியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. குதிகால் கயிறு இன்ன அளவுக்கு மேல் இருக்கக்கூடாது, ஒவ்வொரு படகையும் மாதம் ஒருமுறை செயலாளர் நேரில் பார்த்து அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். நான்தான் அதைத் தமிழில் எழுதினேன். சென்டிமீட்டர் என்று போட்டால் கொட்டகையில் யாரும் அளக்கமாட்டார்கள். 'மூன்று விரல் அகலம்' என்று எழுதினேன். நல்ல எழுத்து. மற்ற மாவட்டங்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயின. கொட்டகைச் சுவரில் இன்னும் இருக்கிறதா? இருக்கிறதா. சரி.

அந்த மாதம்தான் இன்னொன்றும் நடந்தது. நம் சங்கத்தில் புதுப்படகு வந்தால் பழைய வீரர் ஒருவர் பெயரை வைப்பது வழக்கம். மூக்கில் சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்து, இரண்டு பக்கமும் மஞ்சள் எழுத்தில் பெயர் எழுதுவோம். இருபத்துமூன்றாம் எண் என்று ஒரு ஒற்றைப் படகு வந்தது. அதற்கு எத்திராஜ் பெயர் என்று செயற்குழு தீர்மானம் போட்டது. தீர்மானத்தை எழுதியது நான்தான். வீட்டுக்கு வந்து சுலோச்சனாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். 'பேரு சொல்ல அண்ணனுக்கு யாரு இருக்கான்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்' என்றாள். மறுநாள் தெருவுக்கே தெரிந்திருந்தது. பால் போடுகிறவர்கூட என்னிடம் கேட்டார், 'உங்க மச்சான் பேருல கப்பல் விடறாங்களாமே?'

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எத்திராஜ் வந்தான். ஞாயிறு சாப்பாடு அவனுக்கு இங்கேதான். வஞ்சிரம் வாங்கி வந்து தங்கையிடம் கொடுத்தான்.

"சுலோ, தலைய எனக்கு வெச்சுடு. உன் வூட்டுக்காரருக்கு முள்ளு எடுக்கத் தெரியாது. ஃபைலு பொரட்டத்தான் தெரியும்."

"ஆமா, நீ மட்டும் ரொம்ப முள்ளு எடுத்தே. போன வாரம் யாரு தொண்டையில மாட்டிக்கிச்சு?"

"அது வேற, அது சங்கரா."

சாப்பிடும்போது சொன்னான்.

"மாப்ளே, ஒண்ணு கேக்கணும்."

"கேளு மச்சான்."

"சொவத்துல ஒட்டியிருக்கியே நோட்டீஸு. மூணு விரலு."

"அது என் நோட்டீஸ் இல்ல. டெல்லி உத்தரவு."

"டெல்லிக்காரன் என் கணுக்காலப் பாத்தானா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினான். மற்றவர்கள் படகில் எல்லாம் மூன்று விரல்தான் கட்டியிருக்கிறான், அவனே அளந்து கட்டினான். பதினாலாம் எண்ணை அவன் ஒருவன்தான் எடுக்கிறான். அதில் மட்டும் ஆறு விரல். மூன்று விரலில் அவனால் ஒரு கிலோமீட்டர்கூட இழுக்க முடியவில்லை.

"அது எழுதித் தர முடியாது மச்சான்."

"எழுத்து யாரு கேட்டா? நீ பாக்காம இருந்தாப் போதும்."

"பாக்காம எப்பிடிக் கையெழுத்துப் போடறது?"

"பதினோரு வருஷம் உன் முதுகுக்குப் பின்னாடி இழுத்தேன். அப்ப நீ பாத்தியா? உனுக்கு மெடல் வரலியா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சுலோச்சனா குழம்புச் சட்டியோடு நின்றவள், அது என்ன கயிறு என்று கேட்டாள். அப்போதுதான் நான் இப்போது உங்களுக்குச் சொன்ன மாதிரி சொன்னேன். அவள் சட்டியைக் கீழே வைத்தாள்.

"அப்போ கவுந்தா காலு வராதா?"

"நான் கவுந்து எத்தினி வருஷம் ஆச்சு தெரியுமா உனக்கு?" என்றான் எத்திராஜ்.

"உன்னக் கேக்கல. ஏங்க, நீங்க சொல்லுங்க. வேணாம்னு சொல்லுங்க."

நான் யோசித்தேன். படகை எடுக்கக்கூடாது என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? காலையில் எழுந்து எங்கே போவான்? எனக்கு அவன்மேல் இருந்த பிரியம் அப்படி. விதி தெரிந்தவன் விதியை எங்கே கொஞ்சம் தளர்த்தலாம் என்றும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

"சரி. பதினாலாம் நம்பர் பக்கம் நான் வரமாட்டேன், போ," என்றேன்.

"அது," என்றான் அவன். தங்கையைப் பார்த்து, "மீன் தல எங்க?" என்றான்.

மாதக் கடைசித் திங்கட்கிழமை நான் கொட்டகைக்குப் போகும் நாள். எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று அவன் அன்று சீக்கிரமே படகை எடுத்துத் தண்ணீரில் வைத்துவிட்டான். நான் பலகைக்கு வந்தபோது கிளம்பிக்கொண்டிருந்தான். அதுதான் நான் முதலில் சொன்னது. தாடையைத் தூக்கினான், பேனாவைத் தூக்கினேன்.

பிறகு கொட்டகைக்குள் போனேன். இருபத்திரண்டு படகு. ஒவ்வொன்றையும் குனிந்து விரல் வைத்து அளந்து கையெழுத்துப் போட்டேன். பதினாலாம் எண் இடம் காலியாக இருந்தது. அட்டை மட்டும் ஆணியில் தொங்கியது. அதிலும் போட்டேன். தேதியும் போட்டேன்.

ஒன்பது மணிவரை அவன் வரவில்லை. பாலத்துக்கு அப்பால் மீன் பிடிக்கிறவர்கள் இரண்டு பேர் வந்து சொன்னார்கள். மழையில் அடித்து வந்த தென்னை மரம் ஒன்று தண்ணீருக்குள் கிடந்திருக்கிறது. போகிற திசைக்கு முதுகு. பார்த்திருக்க முடியாது. கவிழ்ந்த படகை அவர்கள்தான் திருப்பினார்கள். இடது கால் வந்திருந்தது. வலது கால் வரவில்லை.

காரியம் எல்லாம் நான்தான் முன்னின்று செய்தேன். எதிலும் குறை வைக்கவில்லை. சங்கக் கொடியைப் போர்த்த ஏற்பாடு செய்தேன். இரங்கல் தீர்மானம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். அது நன்றாக அமைந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

விசாரணைக் குழு போட்டார்கள். மூன்று பேர். நல்லவர்கள். அதற்கு முதல் நாள் மாலை சுலோச்சனா கூடத்தில் வந்து நின்றாள். அப்போது அவள் அழுவதையெல்லாம் நிறுத்தியிருந்தாள்.

"நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"கேக்கறதுக்குப் பதில் சொல்வேன்."

"அண்ணன் கேட்டுச்சு, நீங்க சரின்னீங்க. அத மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"சொல்லலேன்னா அண்ணன் திருட்டுத்தனமா கட்டிக்கிச்சுன்னு ஆகும். படகுக்குப் பேரு வெக்க மாட்டாங்க."

அவள் சொன்னது சரி. ஒழுங்கு விதியை மீறியவர் என்று பதிவானவர் பெயரைப் படகுக்கு வைக்கக்கூடாது என்று சங்கத்தில் ஒரு விதி உண்டு. அந்த விதியையும் நான்தான் எழுதினேன். வேறொருவரை மனதில் வைத்து எழுதினேன். அது இவனுக்கு வந்து நிற்கும் என்று எப்படித் தெரியும்?

பார்க்கிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

குழுவின் தலைவர் கேட்டார். ஆறு விரல் கயிறு கட்டிக்கொள்ள நீங்கள் அனுமதி கொடுத்தீர்களா? நான் சொன்னேன். அப்படி எந்த அனுமதியும் என் கையெழுத்தில் இல்லை. இது உண்மை, அம்மா. நீங்கள் இன்று போய்த் தேடினாலும் கிடைக்காது. பக்கத்தில் இருந்தவர் அதை எழுதிக்கொண்டார். 'செயலாளர் அனுமதி அளிக்கவில்லை' என்று எழுதினார். நான் சொன்ன வாக்கியமும் அவர் எழுதிய வாக்கியமும் ஒன்று இல்லை என்பதைக் கவனித்தேன். திருத்தச் சொல்லியிருக்கலாம். அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

அட்டையைப் பற்றிக் கேட்டார்கள். பயிற்சியாளர் வாய்மொழியாகச் சரி என்று தெரிவிக்கும் படகுகளுக்கு அதன்பேரில் கையெழுத்துப் போடுவது நடைமுறை என்றேன். அதுவும் உண்மைதான். அதற்கு முன்னால் நாலைந்து தடவை போட்டிருக்கிறேன்.

அறிக்கை இரண்டு வாரத்தில் வந்தது. 'பயிற்சியாளர் தன்னிச்சையாக விதியை மீறியதே காரணம்.' செயலாளர் சுற்றறிக்கையைத் தமிழில் வெளியிட்டு எடுத்த முயற்சியைப் பாராட்டி ஒரு வரி. பெயர்த் தீர்மானம் ரத்து. ஓவியர் அதற்குள் படகின் இரண்டு பக்கமும் பென்சிலால் எழுத்து வரைந்து வைத்திருந்தார். மஞ்சள் பூசுவதுதான் பாக்கி. அவரைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

சுலோச்சனா அறிக்கையைப் படிக்கக் கேட்டாள். கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் வாழ்ந்தாள். வீட்டில் ஒரு சண்டை கிடையாது. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு. என் சட்டைகளை அவள்தான் பெட்டி போடுவாள். மாதக் கடைசித் திங்கட்கிழமை எனக்கு முன்னால் எழுந்து வெந்நீர் போட்டு வைப்பாள். முன்பு 'ஏங்க' என்று கூப்பிடுவாள், அது மட்டும் நின்றுவிட்டது. 'சாப்பாடு ஆச்சு' என்பாள். 'போன் வந்துது' என்பாள். வயதானால் பேச்சு குறையும். மீன் வாங்குவதையும் நிறுத்திவிட்டாள். எனக்குச் செரிக்காது என்று நினைத்திருப்பாள்.

ஷூ வந்தது அவளுக்குத்தான். போலீசில் படகிலிருந்து திருகைக் கழற்றி எடுத்து வைத்திருந்தார்கள். விசாரணை முடிந்ததும் நெருங்கிய உறவு என்று அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். கயிறு கட்டியது கட்டியபடி. அவள் அதைக் கொண்டுவந்து வாசலில் என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். பரணில் வைக்கலாமே என்றேன். 'வெளியில போட்டுக்கறது வெளியிலதான் இருக்கணும்' என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை வாசல் கழுவும்போது அதை எடுத்துத் துடைத்து மறுபடி அதே இடத்தில் வைப்பாள். நான் வெளியே போகும்போது செருப்பு போட்டுக்கொள்ள அதை ஒரு தடவை பார்க்க வேண்டியிருக்கும். வரும்போது ஒரு தடவை. பழகிவிட்டது.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை கண்ணைத் திறந்து கேட்டாள்.

"ஷூவத் தொடச்சீங்களா?"

"தொடச்சேன்," என்றேன்.

துடைக்கவில்லை. எனக்கு அது ஞாபகமே இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளிப்பதற்கு முன்னால் துடைத்து வைத்தேன். அதனால் அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. மறுநாள் அவள் போய்விட்டாள். அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான்.

இப்போது வெள்ளிக்கிழமை நான் துடைக்கிறேன்.

நீங்கள் என்ன கேட்க வருகிறீர்கள் என்று தெரிகிறது. இப்போதாவது சொல்லலாமே என்கிறீர்கள். யோசித்துப் பார்த்தேன், அம்மா. முடிந்த விசாரணையைத் திறக்கப் புதிய ஆவணம் வேண்டும். என்னிடம் ஆவணம் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இங்கே மூன்று பேர் சாப்பிட்டோம். அதில் இரண்டு பேர் இல்லை. நான் ஒருவன் சொன்னால் அது சாட்சியம் ஆகாது. ஒரு கிழவனின் ஞாபகம், அவ்வளவுதான். இருபத்தொரு வருஷம் சங்கத்தில் இருந்தவன், நடைமுறை எனக்குத் தெரியும்.

அந்தப் படிவத்தைக் கொடுங்கள். படகுக்கு என் பெயரை வைக்கச் சம்மதக் கடிதம்தானே? படித்துக் காட்ட வேண்டாம். நீங்கள் சரியாகத்தான் எழுதியிருப்பீர்கள். கையெழுத்து எங்கே? இங்கேயா?

ஒன்று மட்டும் கேட்கிறேன். எந்தப் படகு? புதியதா?

இருபத்துமூன்றா.

இத்தனை வருஷமாகப் பெயர் இல்லாமலா இருந்தது? எனக்குத் தெரியாது. பழைய வர்ணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டீர்களா? பென்சில் கோடெல்லாம் போயிருக்கும். போயிருக்கும், இல்லையா. நல்ல படகு அது. எடை குறைவு, நேராக ஓடும். எத்திராஜ் ஒரே ஒரு தடவை எடுத்துப் பார்த்தான். காலே படாமல் போகிறது என்றான்.

இந்தாருங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். தேதியும் போட்டிருக்கிறேன்.

போகும்போது பார்க்க வேண்டுமானால் ஷூவை எடுத்துப் பாருங்கள், பரவாயில்லை. பத்தாம் நம்பர். எனக்கு எட்டு. வலது ஷூவின் கயிறு அவன் போட்ட முடிச்சோடு அப்படியே இருக்கிறது. துடைத்து முடித்ததும் ஒவ்வொரு வெள்ளியும் விரல் வைத்து அளந்து பார்ப்பேன். விசாரணையின்போது ஆறு விரல் இருந்தது. இப்போது என் விரல்கள் மெலிந்துவிட்டன. ஏழு வருகிறது.